ஜெயவேலு பேர்ல ஓடன ஓட்டம்

எழுப்பாதீங்க சார், தூங்கட்டும். தோள் வலிச்சா மட்டும் சொல்லுங்க, தலையை அப்படி ஜன்னல் பக்கமா நகத்தி வச்சிடலாம். நீங்க கேட்டது சரிதான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பஸ் ஏறனோம். ஒரே ஊருதான். அவனுக்கும் சேத்து டிக்கெட் எடுத்தது நான்தான். ஆனா பக்கத்துல உட்கார மாட்டேன். நீங்க நடுவுல வந்து உட்காந்தது கடவுள் புண்ணியம். இல்லன்னா வேலூர் வர்றதுக்குள்ள ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் நெரிச்சிருப்போம். சரி, அவன் நெரிக்க மாட்டான். நான் நெரிச்சிருப்பேன்.

அவன் பேரு ஜெயவேலு. என் பேரு கோதண்டம். ரெண்டு பேரும் ரிட்டயர்டு மிலிட்டிரி. ஒரே நாள்ல ஆளெடுப்புல தேறி, ஒரே டிரங்குப் பெட்டியைப் பங்கு போட்டுக்கினு போனவங்க. வரும்போது அவன் சுபேதாரா வந்தான், நான் ஹவில்தாரா வந்தேன். அந்த வித்தியாசம் எப்படி வந்துச்சின்றதுதான் கதை. கதைன்னா கதை இல்ல சார், கேசு.

சுருக்கமா சொல்லிடறேன். என் ஃபிட்னஸ் ரெக்கார்டுல ஒரு ஓட்டம் ஃபெயில்னு எழுதியிருக்கு. இவன் ரெக்கார்டுல அன்னைக்கே ஒரு ஓட்டம் எக்ஸலண்ட்னு எழுதியிருக்கு. அந்த எக்ஸலண்ட்டை ஓடனது நான். பேரு அவனுது. இதைத் திருத்திக் குடுங்கன்னு ரெக்கார்டு ஆபீசுல போய் நின்னுட்டுத்தான் திரும்பிக்கினு இருக்கோம். திருத்தனாங்களான்னு கேக்கறீங்க. பர்கூர் தாண்டட்டும், சொல்றேன். இப்பவே சொன்னா எனக்கு பி.பி. ஏறிடும்.

அப்ப எங்க பட்டாளம் ராஜஸ்தான்ல. வருஷா வருஷம் டெஸ்ட் வைப்பாங்க. முதுகுல மூட்டை, கையில துப்பாக்கி, தலையில இரும்புத் தொப்பி, அப்படியே அஞ்சு கிலோமீட்டர் ஓடணும். நெஞ்சுல ஒரு துணி நம்பர் குத்தி விடுவாங்க. செஸ்ட் நம்பர்னு சொல்றது. கடைசிக் கோட்டுல ஒருத்தன் கடிகாரத்தோட நிப்பான். அவன் மூஞ்சியைப் பார்க்க மாட்டான் சார், நம்பரைத்தான் பார்ப்பான். மூஞ்சியைப் பார்த்தாலும் பிரயோஜனம் இல்ல. புழுதி அப்பி, தொப்பி போட்டுக்கினு வந்தா நாங்க மதராசிங்க எல்லாரும் அவனுக்கு ஒரே ஆளுதான்.

அந்த வருஷம் பெரியவர், எங்க கமாண்டிங் ஆபீசர்தான், ஒரு ஆர்டர் போட்டாரு. டெஸ்ட்ல ஃபெயில் ஆனவனுக்கு லீவு கிடையாது. அவ்ளோதான், இவன் ஆடிப்போயிட்டான். ஊர்ல இவனுக்குக் கல்யாணம். தேதி குறிச்சாச்சி, பந்தக்கால் நட்டாச்சி. இவனைப் பாருங்க இப்ப, குச்சி மாதிரி இருக்கான்ல? அப்ப இவன் உருண்டை. லங்கர்னு சொல்லுவோம், பட்டாளத்துச் சமையல்கட்டு, அதுக்குப் பக்கத்துலயே குடித்தனம் பண்ணாத குறை. பூரி போடற அன்னைக்கு இவனைக் கூப்பிடவே வேணாம். ஓடுடான்னு சொன்னா ஓடுவான், நூறடி. அப்புறம் இடுப்பைப் புடிச்சிக்கினு நிப்பான்.

அழுதான் சார். "மல்லிகா வீட்ல பந்தக்கால் நட்டுட்டாங்கடா, நான் போகலன்னா அவங்கப்பாரு வேற எடம் பார்த்துடுவாருடா"ன்னு என் கையைப் புடிச்சிக்கினு அழுதான். நான் அப்ப எப்படின்னு நினைக்கறீங்க? பட்டாளத்துல என்னை முந்தறதுக்கு ஆள் கிடையாது. சும்மா சொல்லல. கால்ல ஸ்பிரிங்கு வச்ச மாதிரி இருக்கும். "ஏன்டா அழுவுற, உன் நம்பரைக் குடு, நான் ரெண்டையும் ஓடறேன்"ன்னேன். இவன் முதல் பேட்ச்சு, நான் ரெண்டாவது பேட்ச்சு. நடுவுல அரை மணி நேரம் இருக்கு. போதாதா?

இது தப்பு இல்ல சார். சினேகிதம். மோசடி, கீசடின்னு எங்க வீட்டம்மா மாதிரி நீங்களும் ஆரம்பிச்சிடாதீங்க.

இவன் நம்பரைக் குத்திக்கினு ஓடனேன். இவன் லங்கர்ல ஒளிஞ்சிக்கினு இருந்தான். பறந்தேன் சார். அந்த பேட்ச்சுல நான்தான் முதல். கடிகாரக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்து எழுதனான், எக்ஸலண்ட்டுன்னு.

கேளுங்க, கேளுங்க, உங்க வாய்ல அந்தக் கேள்வி நிக்குது. மெதுவா ஓடி சும்மா பாஸ் பண்ணி விட்டிருந்தா என் ஓட்டத்துக்குத் தெம்பு மிச்சம் இருந்திருக்குமேன்னுதானே? எங்க வீட்டம்மாவும் கல்யாணமான நாள்ல இருந்து இதையேதான் கேக்கறா. எனக்கு அப்ப மெதுவா ஓடத் தெரியாது சார். விசில் ஊதனா ஓடுவேன், அவ்ளோதான். அது யாரு நம்பரா இருந்தா இன்னா?

அப்புறம் என் நம்பரைக் குத்திக்கினு நின்னேன். முதல் கிலோமீட்டர் ஒண்ணும் தெரியல. ரெண்டாவதுல நாக்கு தள்ளிடுச்சி. மூணாவதுல ஒரு கருவேலம் புதர் பக்கத்துல வாந்தி எடுத்து, கண்ணு இருட்டி, முட்டி மடங்கி விழுந்தேன். வண்டி வந்து தூக்கிக்கினு போச்சி. ஃபெயில். முட்டி வீங்கி ஆஸ்பத்திரி. லைட் டியூட்டின்னு சொல்லி ஸ்டோர்ல போட்டுட்டாங்க. துணி, பூட்ஸ், கம்பளி எண்ணிக் குடுக்கற வேலை. அதுக்கப்புறம் என்னை யாரும் ஓடச் சொல்லவே இல்ல. ஆகமொத்தம் என் ரெக்கார்டுல கடைசியா இருக்கற ஓட்டம் அந்த ஃபெயில்தான்.

லீவும் கேன்சல். இவன் கல்யாண போட்டோவைப் பாருங்க ஒரு நாள், நான் இருக்க மாட்டேன். நான் ஓடிக் குடுத்த லீவுல போய் இவன் தாலி கட்டறான், நான் ஸ்டோர்ல பூட்ஸ் எண்றேன். மொய் எழுதக்கூட முடியல.

சரி, அதோட முடிஞ்சிடுச்சான்னா, இல்ல. இவன் கல்யாணம் முடிச்சி லட்டு டப்பாவோட திரும்பி வர்றான், பெரியவர் கூப்பிட்டு முதுகுல தட்டறாரு. "நீயா அந்த எக்ஸலண்ட்டு? வா, நம்ம பட்டாளத்து ஓட்டக்காரக் குழுவுல சேரு"ன்னு. இவன் மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சி. என்கிட்ட ஓடி வந்தான். "இன்னாடா பண்றது, மாட்டிக்கினேன்டா"ன்னான். "ஓடித்தான் ஆவணும்"ன்னேன் நான். கம்பளி எண்ணிக்கினே சொன்னேன், நிமிந்துகூடப் பார்க்கல. விளையாட்டுக்குச் சொன்னது சார். இந்த மடையன் அதை ஆர்டர்னு எடுத்துக்கினான்.

விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓட ஆரம்பிச்சான். பூரியை விட்டான். அந்தப் பூரியை என் தட்டுல போட்டுடுவான், நான் சாப்பிடுவேன். நாளாக நாளாக இவன் எளைச்சான், நான் ஊதனேன். குழுவுல சேந்தான். கோப்பை வாங்கனான். அப்புறம் பி.டி. சொல்லிக் குடுக்கற கோர்ஸுக்கு அனுப்பனாங்க, அதுலயும் பேரு வாங்கனான். ஊருக்கு வந்தும் அடங்கனானா? எங்க ஊர்ல பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லிக் குடுக்கறான். மூணு புள்ளைங்க போலீஸ்ல இருக்குதுங்க இன்னைக்கு. ஊரே இவனைத் தலையில தூக்கி வச்சிக்கினு ஆடுது. எல்லாம் எதுல ஆரம்பிச்சது? என் கால்ல ஆரம்பிச்சது! பேரு இவன்து.

கண்டக்டர், அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துப்பா. காத்து நேரா அவன் காதுல அடிக்குது, அப்புறம் சளி புடிச்சிக்கினு நாளைக்கு மைதானத்துக்குப் போக முடியலன்னு என் உயிரை வாங்குவான்.

எங்க ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வேலூருக்குப் பக்கத்துல. வீட்டுக்கு ஒரு மிலிட்டிரி இருக்கும். அங்க ஒரு பழக்கம். பொண்ணு கொடுக்கறது எடுக்கறதுன்னா ஜாதகத்தை அப்புறம்தான் விரிப்பாங்க, முதல்ல அப்பங்காரனோட டிஸ்சார்ஜ் புக்கைக் கேப்பாங்க. எங்க இருந்தான், இன்னா மெடலு, உடம்பு எப்படி, எல்லாம் அதுல இருக்கே. என் பொண்ணுக்கு ஒரு எடம் வந்துச்சி. நல்ல எடம். பையனோட தாத்தா, அவரும் பழைய மிலிட்டிரி, கண்ணாடியைப் போட்டுக்கினு புரட்டிக்கினே வந்தாரு. ஒரு பக்கத்துல நின்னுட்டாரு. "ஓட்டத்துல ஃபெயில்னு போட்டிருக்குதே?"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம். "ஏன், சம்பந்தி ஆனப்புறம் என்னை ஓட உடப் போறீங்களா?"ன்னேன். எடம் போயிடுச்சி. பொண்ணு வேற எடத்துல நல்லாத்தான் இருக்கா, அது வேற. ஆனா அன்னைல இருந்து ஊர்ல எனக்குப் பேரு நடராஜா சர்வீஸ். என் வயசுப் பசங்க மட்டும் இல்ல, நண்டு சிண்டு எல்லாம் கூப்பிடுது. நான் தெருவுல போனா வழி விடுதுங்க, மரியாதைக்கு இல்ல, "தாத்தா மெதுவாத்தான் வருவாரு"ன்னு!

நான் சாவறதுக்குள்ள அந்த ஒரு வார்த்தை மாறணும் சார். பென்சனுக்காக இல்ல, அதுல ஒரு பைசா ஏறாது, இறங்காது. என்னைத் தூக்கிக்கினு போற அன்னைக்கு எவனும் நடராஜா சர்வீஸ் கிளம்பிடுச்சின்னு சொல்லக் கூடாது. அவ்ளோதான் என் ஆசை.

மனு போட்டேன். ஐயா, ஃபெயில்னு எழுதினது தப்பு, நான் எக்ஸலண்ட்டா ஓடனவன்னு. பதில் வந்துச்சி: உமது நம்பரில் ஓட்டம் முழுமை பெறவில்லை, ரெக்கார்டு சரியாக உள்ளது. மறுபடி போட்டேன். என் நம்பர்ல இல்லய்யா, ஜெயவேலு நம்பர்ல பாருங்க, அது நான்தான்னு எல்லாத்தையும் விளக்கமா எழுதனேன். எங்க வீட்டம்மா படிச்சிட்டு, "இன்னாங்க இது, நான்தான் திருடன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி இருக்குதே"ன்னா. பொம்பளைக்கு இன்னா தெரியும்? ஓடனதுக்கு ஆதாரம் வேணாமா?

அதுக்கு ஒரு பதில் வந்துச்சி பாருங்க, அதைப் படிச்சிட்டுத் தலையில அடிச்சிக்கினேன். ஜெயவேலு ரெக்கார்டைத் திருத்தணும்னா ஜெயவேலுதான் மனு போடணுமாம். ஓடனது நானு, மனு போடறது அவனா? எங்க போய் முட்டிக்கறது? சரின்னு நானே உட்காந்து அவன் பேர்ல எழுதனேன். "ஜெயவேலு ஆகிய நான் அன்று ஓடவில்லை, லங்கரில் பூரி தின்றுகொண்டிருந்தேன்"னு. கொண்டுபோய்க் குடுத்தேன். இவன் மைதானத்துல விசிலோட நிக்கறான். படிச்சே பார்க்கல. "உனக்கு நல்லதுன்னா சரிடா"ன்னு சொல்லி என் முதுகுலயே வச்சிக் கையெழுத்துப் போட்டுட்டான். எவ்ளோ திமிரு பாருங்க. ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்ல? எனக்கு ஒரு மரியாதை இருந்திருக்கும்.

ரெண்டு பேரும் நேர்ல வாங்கன்னு கூப்பிட்டாங்க. நான் பயிற்சி எடுத்தேன் சார், ஒருவேளை சோதிச்சிப் பார்த்தா? தினம் காலையில டீக்கடை வரைக்கும் வேகமா போயிட்டு வருவேன். வழியில ரெண்டு வடை, தெம்புக்கு.

இன்னைக்குக் காலையில போனோம். ஒரு மேஜரம்மா. என் பொண்ணு வயசுதான் இருக்கும், நல்ல மரியாதையாப் பேசுது, இந்தியில. எதிர்ல ரெண்டு ஃபைலு. இவனைக் கேட்டுச்சி, அன்னைக்கு நீங்க ஓடனீங்களான்னு. இவன் விறைப்பா நின்னு, "இல்ல மேடம். லங்கர்ல ஒளிஞ்சிருந்தேன். எனக்காக ஓடனது கோதண்டம்தான். எனக்கு வந்த பேரு எல்லாம் அவன்து"ன்னான். கண்ணு கலங்கிடுச்சி இவனுக்கு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி. ஆஹா, வேலை முடிஞ்சிடுச்சின்னு நினைச்சேன்.

அந்தம்மா இவனைப் பார்க்குது. என்னைப் பார்க்குது. என் வயித்தைப் பார்க்குது. மறுபடி இவனைப் பார்க்குது. சிரிச்சிடுச்சி சார். "தோஸ்துக்காக எவ்ளோ பெரிய பொய் சொல்றீங்க சுபேதார் சாப்"ன்னு இவன் கையைப் புடிச்சிக் குலுக்குது! இவன் சத்தியம் பண்றான். பண்ணப் பண்ண அதுக்கு இவன் மேல மரியாதை ஏறுது. இந்தக் காலத்துல இப்படி ஒரு சினேகிதமான்னு பக்கத்து ரூம்ல இருந்து ரெண்டு கிளார்க்கைக் கூப்பிட்டு இவனைக் காட்டுது. நான் மூலையில நிக்கறேன், குத்துக்கல்லு மாதிரி.

விடுவேனா? "மேடம், சோதிச்சிப் பாருங்க. ஓடறவன் யாரு, ஓடாதவன் யாருன்னு தெரிஞ்சிடும்"ன்னேன். ஆமா சார், நான்தான் சொன்னேன். வேற வழி?

பின்னாடி ஒரு மைதானம். ஒரு ரவுண்டு. விசில் ஊதனாங்க. நான் முதல்ல நல்லாத்தான் கிளம்பனேன், கிளார்க்கு ஒருத்தன் கைகூடத் தட்டனான். தண்ணித் தொட்டி வரைக்கும் போனேன். அதுக்கு மேல காலு நகரல. தொட்டியைப் புடிச்சிக்கினு நின்னேன். இவன் என்னைத் தாண்டிப் போறான். போறவன் போனான். ஒரு ரவுண்டு முடிச்சான். நிக்க மாட்டேன்றான். ரெண்டாவது ரவுண்டு. தொட்டியைத் தாண்டறப்ப என்னைப் பார்த்தான், மூச்சு வாங்கல, ஒண்ணும் இல்ல. மூணாவது ரவுண்டு. அவங்க விசில் ஊதி, கூப்பிட்டு, குறுக்க ஒரு ஆளை அனுப்பித்தான் நிறுத்தனாங்க. ஆபீசு முழுக்க வெளியில வந்து கை தட்டுது.

அந்தம்மா பேனாவை எடுத்துச்சி. நேரில் சோதித்ததில் ரெண்டு பேர் ரெக்கார்டும் சரியாகவே உள்ளது, திருத்தம் தேவையில்லைன்னு எழுதி, சீலு வச்சி, என் கையில குடுத்துடுச்சி. முன்னாடி ஒரு ஃபெயிலு சார். இப்ப ரெண்டு ஃபெயிலு. ரெண்டாவதை நானே கேட்டு வாங்கிக்கினு வந்திருக்கேன்.

வயிறு எரியுது. சரி, அவங்களுக்குத் தெரியாது, அவங்க சின்னப் புள்ளைங்க. இவனுக்குத் தெரியும்ல? உண்மையை வாயால சொல்றது பெருசா? காலால சொல்ல வேணாமா? தொட்டிகிட்ட நான் நிக்கறதைப் பார்த்தான்ல? பக்கத்துல வந்து இடுப்பைப் புடிச்சிக்கினு நின்னிருந்தா இன்னா? நான் அன்னைக்கு இவனுக்காக ரெண்டு ஆளு ஓட்டம் ஓடனேன். இவன் எனக்காக ஒரே ஒரு தடவை நின்னிருக்கக் கூடாதா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க சார்.

இன்னா சொன்ன? டேய், முழிச்சிக்கினா இருக்க? எப்பல இருந்து?

சத்தமா சொல்லு, பஸ் சத்தத்துல கேக்கல. கண்ணை மூடிக்கினே பேசறான் பாருங்க.

"நிக்கணும்னுதான்டா போனேன். காலு கேக்கல. அந்த லட்டு டப்பாவோட வந்த நாள்ல இருந்து, எவனாவது கண்டுபுடிச்சிடுவானோன்னு பயந்துக்கினேதான் தெனம் ஓடறேன். இன்னைக்கு அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன், இதோட விட்டுதுன்னு நினைச்சேன். அவங்க நம்பல. நம்பியிருந்தாங்கன்னா நின்னிருப்பேன்டா."

கேட்டீங்களா சார்?

இல்ல, நீங்க கேட்டீங்கல்ல? காதால கேட்டீங்கல்ல? இத்தனை வருஷமா எனக்கு சாட்சியே கிடையாது. இப்ப நீங்க இருக்கீங்க. உங்க பேரு, விலாசம் குடுங்க. ஆம்பூர் வந்ததும் பஸ்சை டீக்கு நிறுத்துவாங்க, ஒரு பேப்பர் வாங்கிடறேன், நான் சொல்லச் சொல்ல எழுதிக் குடுங்க. இன்னின்ன நாள், பஸ்சுல, ஜெயவேலு ஆகிய இவர் தன் வாயால ஒப்புக்கொண்டார்னு. உண்மையைச் சொல்லிட்டான்ற வரைக்கும் எழுதுங்க, போதும்.

பயந்துக்கினே ஓடறேன்னான் பாருங்க, அதை மட்டும் விட்டுடுங்க சார். அது ஆபீசுக்குப் போக வேணாம்.